பதினோரு வளையமும் பன்னிரண்டு தவணையும்

ஐம்பத்தேழாம் வருடம் ஜூலையில், பேகம்பூர் ஜெய்தூன் பீவியின் வலது காதிலிருந்து ஒரு வளையம் கழற்றி விற்கப்பட்ட மறுநாள், அந்த வெற்றுத் துளை வழியாக நாற்பது மைல் தள்ளி மதுரையில் நடந்த கெமிஸ்ட்ரி வகுப்பு கேட்டது. வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டுக் காதைத் தடவிப் பார்த்தாள். இங்கிலீஷ் பேச்சு, பெஞ்சு இழுபடும் ஓசை, நடுவில் ஒரு தும்மல். மகள் ஷரீஃபாவின் தும்மல்தான்; பெற்றவளுக்குத் தெரியாதா?

கணக்குப் போட்டது அவள் புருஷன் மீரான். தோல்ஷாப்பில் தோல் எடை போடுகிறவர். கல்லூரி நாலு வருடம், பீஸ் வருடத்துக்கு மூன்று தவணை, ஆகப் பன்னிரண்டு. ஜெய்தூன் காதுகளில் வரிசையாகப் பூட்டியிருந்த அலுக்கத்து வளையங்கள் பதினொன்று. மகள் கல்யாணத்துக்கென்று இருந்த ஒரே தங்கம் அது. "பன்னெண்டாவதுக்கு அல்லா வழி விடுவான்" என்றார். அல்லா விடுவான், பீஸ் கட்டும் கடைசித் தேதி விடுமா என்று ஜெய்தூன் அன்றே நினைத்தாள். நாத்தனார் சைனம்பு வந்தபோதெல்லாம் காதையே பார்த்தாள். "ஏண்டி, தாய் மூளிக்காதோட நின்னா மகளை எவன்டி பொண்ணு கேட்டு வருவான்?" ஜெய்தூனுக்கு அப்போது பாட்டனி வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது.

வளையங்கள் போகப் போகப் பாடம் துலக்கமாகக் கேட்டது. மூன்றாம் வருடம் அவள் சோடியம் குளோரைடு என்று சொல்லித்தான் குழம்பில் உப்புப் போட்டாள். தெருவில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. காதில் விடச் சொல்லிப் பூண்டெண்ணெய் கொடுத்தார்கள்.

அறுபத்தொன்று ஜனவரியில் பன்னிரண்டாம் தவணை வந்தது. காதில் ஒன்றும் இல்லை. மீரான் முன்பணம் கேட்டதற்கு, சரக்கு தேங்கிக் கிடக்கிறது என்று முதலாளி கையை விரித்தார். பீஸ் கட்டாதவர்கள் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும், வருகை குறைந்தால் பரீட்சை கிடையாது என்பது அந்தக் கல்லூரியின் சட்டம். திங்கட்கிழமை டீச்சர் ஷரீஃபாவின் பெயரைக் கூப்பிட்டது கேட்டது. பதில் இல்லை. பதினோரு வளையமும் வீணாகப் போகிறதே என்ற பயத்தில், ஜெய்தூன் அடுப்படியில் நின்றபடியே "பிரசன்ட், மிஸ்" என்றாள். மதுரையில் டீச்சர் தலை நிமிராமல் குறித்துக்கொண்டார்.

பத்தொன்பது நாள் இப்படி நடந்தது. பத்து மணிக்கு அவள் வேறெங்கும் போகவில்லை, காய்ச்சலிலும் எழுந்து உட்கார்ந்து சொன்னாள்.

"யாருகிட்டடி பேசுற?" என்றாள் சைனம்பு.

"டீச்சர்கிட்ட."

"சரி, இன்னிக்கு என்ன வெஞ்சனம்?"

இருபதாம் நாள் மீரான் சைக்கிளை விற்றுப் பீஸைக் கட்டினார். அதற்குப் பிறகு தோல்ஷாப்புக்கு நடந்தே போனார்.

ஷரீஃபா பாஸ் செய்து, அதே கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர் ஆனாள். கல்யாணமும் நடந்தது, மாப்பிள்ளை வீட்டார் தாயின் காதைப் பார்க்கவில்லை, பெண்ணின் சம்பளத்தைத்தான் விசாரித்தார்கள். அறுபத்தாறுக்குள் அவள் அம்மாவுக்குப் பத்து வளையங்களைத் திரும்பப் பூட்டிவிட்டாள். பதினொன்றாவதை ஜெய்தூன் வேண்டாமென்றாள். அந்தத் துளையில் இப்போது ஷரீஃபா தன் வகுப்புப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. பீஸ் கட்டாமல் வெளியே நிற்கும் பிள்ளையின் பெயர் வந்து பதில் வராதபோது, ஜெய்தூன் செத்த நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெங்காயம் அரிந்தபடியே "பிரசன்ட், மிஸ்" என்பாள். குரல் யாருடையது என்று ஷரீஃபாவுக்குத் தெரியும். தலை நிமிராமல் குறித்துக்கொள்வாள்.