கேமராவுக்குள் போன சொற்கள்

கல்லூரி நாடக ஒத்திகையில் சித்தி எடுத்த முதல் படத்தோடு, கதாநாயகியின் கையிலிருந்து ‘வேண்டாம்’ என்ற சொல் போய்விட்டது. காது கேளாத பிள்ளைகள் சைகையிலேயே நடிக்கும் நாடகம் அது. கதாநாயகி, சித்தியின் அக்கா மகள். மற்ற நாடகங்களில் கேமரா ‘கிளிக்’ என்றாலே முன்வரிசை திரும்பி முறைக்கும். “இங்க யாரு முறைக்கப் போறா?” என்று நாடக ஆசிரியையிடம் சிரித்துவிட்டு, சித்தி கைக்கு வந்தபடி அமுக்கித் தள்ளினாள். அமுக்க அமுக்கச் சொற்கள் போயின. கதவு போனது, தண்ணீர் போனது, நாளை போனது. நிறுத்தச் சொல்லலாமென்றால், அதற்கான சொல்தான் முதலிலேயே போயிற்றே! பெண் விரல்களை விரித்தாள், மடக்கினாள், விழி பிதுங்க நின்றாள்.

“என்னமா நடிக்கிறா பாருங்க!” என்று சித்தி இன்னும் கிட்டே போனாள்.

ஆசிரியை ஓடிவந்து கேமராவைப் பிடுங்கினாள். “நடிப்பில்லீங்க! புள்ள பயந்து செத்துக்கிட்டிருக்கு!”

அன்று மாலை பாத்திரம் கழுவும்போது, ஒரு சைகையும் அறியாத சித்தியின் ஈரக் கைகள் தாமாகவே எழுந்து காற்றில் பேசின. அக்குளில் இடுக்கிக்கொண்டாள், அங்கேயும் துள்ளின. அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது.

“அடியே, எம் மக பேச்சு உன் கையில இருக்குடி. குடுத்துடு!”

“எப்படிக்கா குடுக்கறது? இதென்ன வளையலா, கழட்டித் தர?”

படங்களை அழித்துப் பார்த்தார்கள். ஒன்றும் திரும்பவில்லை. மறுநாள் மேடையில் சித்தி கறுப்பு உடையில் பெண்ணின் முதுகோடு ஒட்டி நின்று, அவள் கக்கத்தின் வழியே தன் கைகளை நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். போன சொல் வரவேண்டிய இடத்திலெல்லாம் அந்தக் கைகள் பேசின. அரங்கமே கைதட்டலுக்குப் பதிலாகக் கைகளை உயர்த்தி ஆட்டியது.

அதன்பிறகு பெண் வேலைக்குப் போனாலும், கடைக்குப் போனாலும் சித்தியும் போனாள். சித்தி லேசாக இருமினால் போதும், பெண்ணுக்குச் சோறு இறங்காது.

பல வருடம் கழித்துச் சித்தி நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஊசிக்குழாயைப் பிடுங்குகிறாளென்று நர்ஸ் அவள் கைகளைக் கட்டிலோடு கட்டப் போனாள். பெண் பாய்ந்து தடுத்தாள்.

“கட்டாதீங்கம்மா,” என்றாள் அக்கா. “அதுல பாதி எம் மகளோடது.”

நர்ஸ் சித்தியின் கைகளைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள். “இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று அலுத்துக்கொண்டு, பக்கத்தில் பெண்ணுக்கும் ஒரு கட்டிலை இழுத்துப் போட்டாள்.