ஹாப்டே வாய் திறக்கவில்லை

1

இந்தக் கதை பழைய ஓவியம் ஒன்றிலிருந்து பிறந்தது என்று பீற்றிக்கொள்ள ஆசைதான். உண்மை அதுவல்ல. இந்தச் சர்க்கரைத் தீவில் குடியேறி வெகுகாலமாகிறது. பழைய கவர்னர் மாளிகையைத் தாண்டித்தான் மீன் வாங்கப் போவேன். ஒருநாள் மழைக்கு அதன் வாசலில் ஒதுங்கினேன். சும்மா நிற்கப் பிடிக்காமல் யோசித்தது இது.

'பிரபு குலத்தின் இரண்டாம் மகனாக அவதரித்த சர் எவரார்ட் லைல்...'

(வேண்டாம், தூங்கிவிடுவீர்கள். சுருக்கமாக: ஆங்கிலப் பிரபுக்கள் வழக்கப்படி சொத்து அண்ணனுக்கு, பட்டாளம் தம்பிக்கு. கேப்டன் பதவியை அப்பா விலைக்கு வாங்கித் தந்தார். ஸ்பெயின் போரில், செத்த குதிரைக்கு அடியில் சிக்கிய எவரார்டை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவன் சார்ஜன்ட் ஹாப்டே. பின்னாளில் எவரார்ட் இங்கே கவர்னரானார். ஹாப்டே துறைமுகத்தில் சாராயக்கடை போட்டான்.)

2

ஹாப்டே ஒரு தோட்டக் கண்காணியை அடித்துக் கொன்றான். அடிமைப் பெண்ணை அந்தக் கண்காணி சாட்டையால் அடித்ததைத் தடுக்கப் போய் என்று முதலில் எழுதினேன். உடனே நீங்கள் ஹாப்டேயை மன்னித்துவிடுவீர்கள். கதை அதோடு படுத்துவிடும். ஆகவே வெறும் குடிச்சண்டை.

காலையில் தூக்கு. கவர்னர் ஒரு வார்த்தை சொன்னால் நிற்கும்.

3

எவரார்ட் சிறைக்குப் போனார்.

"கால் எப்படி இருக்கு, ஹாப்டே?"

"மழை வந்தா கொடையுது, கேப்டன். உங்களுக்கு?"

"அதேதான். அந்தப் பழுப்புக் குதிரை ஞாபகம் இருக்கா?"

"கடிக்கிற சனியனாச்சே! மறப்பேனா?"

இருவரும் சிரித்தார்கள். அப்புறம் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

செய்த உதவியைச் சொல்லிக் காட்டிக் கேட்பது பிச்சை என்பது ஹாப்டேயின் கணக்கு. கேட்காதவனிடம் மன்னிப்பை நீட்டினால் அவனைப் பிச்சைக்காரனாக்கிவிடுவோம் என்பது எவரார்டின் கணக்கு. இப்படிக் கௌரவம் பார்த்தே சாகிற ஜனங்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

'கேப்டன், என்னைக் காப்பா

கோடு போட்டு அடித்துவிட்டேன். எத்தனை தடவை எழுதினாலும் அவன் சொல்ல மறுக்கிறான்.

4

இரவுச் சாப்பாடு ஆறிக் கிடந்தது. தட்டை எடுக்க வந்தாள் ஃபிபா, மாளிகையின் சமையல்காரி, அடிமை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அவன்," என்றார் எவரார்ட், சுவரைப் பார்த்து.

"என் தம்பி கேட்டானே, எசமான்."

அவர் திரும்பினார்.

"போன கரும்பு வெட்டுல, ஒரு மூட்டை சர்க்கரைய எடுத்தான்னு தூக்கு. இந்த வாசல் வழியாத்தான் இழுத்துட்டுப் போனாங்க. 'கவர்னரய்யா, கவர்னரய்யா'ன்னு தொண்ட கிழியக் கத்தினான். இரைச்சலா இருக்கு, சன்னல சாத்துன்னீங்க. நான்தான் சாத்தினேன்."

(இதைச் சொன்னால் அவள் முதுகுத் தோல் உரியும். தெரிந்தேதான் எழுதினேன். முதலில் மனசுக்குள் சொல்வதாக வைத்திருந்தேன். பொறுக்கவில்லை.)

5

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். மன்னிக்கிறார். தூக்கு நடக்கிறது. பதவியைத் துறந்து கப்பலேறுகிறார். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. அதில் அவர் அழுவார், நீங்களும் அழுவீர்கள்.

இப்போது மூன்றில் எதையும் எழுதக் கை வரவில்லை. எவரார்ட் மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஹாப்டே பிழைப்பதா வேண்டாமா, நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் ஃபிபாவும் அந்த அறையில்தான் தட்டோடு நிற்கிறாள். அவளை வெளியே அனுப்பிவிட்டு எழுதலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.