சித்தப்பாவின் சர்வீஸ் கார்டு

1

இந்தக் கதை என் கோழைத்தனத்தில் பிறந்தது. சித்தப்பாவிடம் நேரில் சொல்லத் துணிவில்லாததை எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "அவருடைய இரத்த அழுத்தம் நூற்றெழுபதுக்கு நூறு என்று..." (அடித்துவிட்டேன். எண்ணில் தொடங்கினால் சித்தப்பா முதல் வரியிலேயே எழுந்து போய்விடுவார்.)

2

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். மருத்துவர் தினமும் ஒன்று என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அட்டை பிரிபடவே இல்லை.

"நல்லா ஓடற மெஷின்ல கை வைக்கக் கூடாதும்மா. எனக்கென்ன, தலைவலியா, மயக்கமா?"

இரத்தக் குழாயை மூன்று வண்ணத்தில் வரைந்து காட்டினேன்.

"படம் நல்லா வந்திருக்கு" என்றார்.

[இங்கே, தகவல் மட்டும் மனிதரை மாற்றாது என்று ஒரு பத்தி இருந்தது. பாடப்புத்தக வாடை அடித்தது. எடுத்துவிட்டேன். நானும் லேசுப்பட்டவள் இல்லை: கண்ணாடி போட்டால் பார்வை இன்னும் குறையும் என்று நம்பி அதைப் பையின் அடியில் வைத்திருந்தவள். படித்தது உயிர்வேதியியல்.]

3

முதல் வரைவில் சித்தியை அழவைத்திருந்தேன். பொய். சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"நல்லா ஓடற லிஃப்டுக்கு மாசாமாசம் எதுக்குங்க கிரீஸ் போடறீங்க?"

"அது சர்வீஸ்."

"இதுவும் சர்வீஸ்னு நெனச்சுக்கோங்க."

சித்தப்பா அன்றே ஒரு லிஃப்ட் சர்வீஸ் கார்டைக் கொண்டுவந்து அலமாரிக் கதவில் ஒட்டினார். தேதி, செய்த வேலை, கையெழுத்து. ஒரு மாத்திரையை விழுங்கிக் கையெழுத்தும் போட்டார்.

இங்கேயே 'சுபம்' போட்டிருந்தேன்.

4

அந்தக் கார்டைத் தினமும் தாண்டித்தான் போகிறேன். நேற்றுதான் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். இரண்டே கையெழுத்து. போன மாதம் ஐந்தாம் தேதி ஒன்று, இந்த மாதம் ஐந்தாம் தேதி ஒன்று.

சர்வீஸ் மாதம் ஒருமுறைதானே!

முடிவு ஒன்று: அவருக்கு ஏதோ... (எழுதக் கை வரவில்லை.)

முடிவு இரண்டு: நான் துணிந்து பேசுகிறேன். (சித்திகூட நம்ப மாட்டார்.)

5

ஆகவே இந்தக் காகிதத்தையே அலமாரிக் கதவில் ஒட்டுகிறேன்.

சித்தப்பா, கிரீஸ் மாதம் ஒருமுறை, சரி. ஆனால் தினமும் காலையில், ஆள் ஏறுமுன், லிஃப்டைக் காலியாக ஒருமுறை ஓட்டிப் பார்ப்பீர்களே? "ஒருநாள் விட்டாலும் எவனாவது நடுவுல மாட்டிப்பான்" என்பீர்களே? மாத்திரை அந்த வேலை.

பக்கத்தில் முப்பது வரி கோடு போட்ட புதுக் கார்டு இருக்கிறது. முதல் வரியில் இன்றைய தேதியை எழுதிவிட்டேன். பேனா நூலில் தொங்குகிறது.

வேறு யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அவர் பேனாவை எடுக்கட்டும்.