ஷிட்சுவுக்கு வைத்த நடைத்தேர்வு

“நாய் என்பது மனிதனின் வாழ்க்கைமுறைக்கு ஒத்துவர வேண்டும்!” என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இருதயராஜ் முழங்கினார். மடியிலிருந்த ஷிட்சு இன நாய்க்குட்டி அவர் வேட்டியை நனைத்தது.

குட்டியை வளர்க்க மனைவி சகாயசெல்விக்குக் கொள்ளை ஆசை.

“தினம் அஞ்சு கிலோமீட்டர் நடக்குறவன் நான். இம்புட்டுண்டு காலு தாங்குமா? ஒரு வாரம் கூட்டிப் போறேன். முடியலைன்னா திருப்பிக் குடுத்துரணும்.”

ஒரு வாரமும் குட்டி களைக்கவேயில்லை. கொஞ்சம் சதையும் போட்டிருந்தது.

எட்டாம் நாள் அவருக்குக் காய்ச்சல். சகாயசெல்வி குட்டியோடு கிளம்பினாள். அது நேராகப் போய் மூக்கையாவின் வடைக்கடை பெஞ்சடியில் படுத்துக்கொண்டது.

“சார் வரலையாக்கா? தினம் அவுகளுக்கு ரெண்டு, இதுக்கு ஒண்ணு. ஒரு மணி நேரம் பேப்பர் படிச்சுட்டுத்தான் எந்திரிப்பாக.”

நாய் ஒத்துவந்துவிட்டது என்று சகாயசெல்விக்கு நிம்மதி.

வடைக்கடை அவர்கள் தெருமுனையில் இருக்கிறது.