கழுகின் பங்கு

மான் வேட்டையில் வெர்லன் ஸ்கோக்ஸ்டாடுக்கு ஒரு வழக்கம் உண்டு. சுட்ட மானைக் காட்டிலேயே கிழித்துச் சுத்தம் செய்வார். குடலை மற்றவர்களைப் போலப் புதரில் வீசிவிட்டு வரமாட்டார். தன் நிலத்துப் பெரிய பைன் மரத்தடியில், மேலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி கொட்டுவார். அந்த மரத்து உச்சியில் வெண்தலைக் கழுகு ஜோடி ஒன்று கூடு கட்டியிருந்தது. மர வியாபாரி எவ்வளவோ ஆசை காட்டியும் அதன்மேல் ரம்பம் படவிடவில்லை மனுஷன்.

யாராவது கேலி செய்தால், "நான் வேட்டைக்காரன்னா அவளும் வேட்டைக்காரிதான்யா. அவ பங்கு அவளுக்கு" என்பார். பெண் கழுகின்மேல் ஒரு படி கூடுதல் பாசம் அவருக்கு.

அந்தப் பெண் கழுகுதான் இன்று காலை பனியில் விழுந்து கிடந்தது. தலையை நிமிர்த்தக்கூட அதற்கு முடியவில்லை. கிட்டே போனால் கையைக் கிழிக்கிற பறவை, அவர் கோட்டுக்குள் சுருட்டியபோது பேசாமல் கிடந்தது.

"பக்கத்து ஆர்லோ வேலைதான் இது. நரிக்கு விஷம் வைக்கிறேன்னு திரிஞ்சானே, பாவி!" என்றாள் மனைவி மார்லிஸ்.

"திரும்பி வந்து அவனை உண்டு இல்லைன்னு பண்றேன். முதல்ல இவ பிழைக்கட்டும்" என்று வண்டியை எடுத்தார்.

பறவை மருத்துவமனையில் டாக்டர் கொரின் எக்ஸ்ரேயைக் காட்டினார். இரைப்பையில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள்.

"விஷம்தான் சார். ஆனா நரிக்கு வச்சது இல்ல. ஈயம்."

"எவன் சுட்டான்?"

"யாரும் சுடல. இவ தின்னிருக்கா. மான்மேல பட்டதும் ஈயக் குண்டு தூளாச் சிதறும். குடலோட அதையும் கழுகுங்க முழுங்கிடுது. துளியூண்டு போதும். சிதறாத செப்புக் குண்டு வாங்குங்கன்னு வருஷா வருஷம் தொண்டை கிழியக் கத்துறோம். உங்க பக்கத்துல யாராச்சும் குடலைப் போட்டுட்டுப் போறாங்களா?"

ஆர்லோவின் பெயர் வெர்லனின் நாக்கு நுனிவரை வந்தது. சொல்ல மனம் வரவில்லை.

"நான்தான் டாக்டரம்மா. ஆசையாப் போட்டேன்."

போன குளிர்காலத்தில் மரத்தடியில் ஓர் இளங்கழுகு செத்துக் கிடந்தது. குளிர் தாங்கவில்லை போல என்று அன்று உச்சுக் கொட்டியது இப்போது நினைவுக்கு வந்து அவரைக் கொன்றது. வாங்குகிற குண்டை மாற்றியிருந்தால் போதும். கடையில் பக்கத்து அலமாரியில்தான் செப்புக் குண்டு இருந்தது.

"மருந்து ஏத்தியிருக்கோம். ஆனா ரொம்ப நம்பிக்கை வைக்காதீங்க" என்றார் கொரின்.

கைபேசி அடித்தது. மார்லிஸ்.

"எப்படியிருக்கா?"

அவர் வாயைத் திறக்குமுன் அவளே தொடர்ந்தாள்.

"இங்க ஆண் கழுகு ஒத்தையா உட்கார்ந்து கத்திக்கிட்டே இருந்துச்சு, வெர்லன். மனசு கேக்கல. நேத்து இருட்டிடுச்சுன்னு நீ குடலை வாளியில கொண்டு வந்து வச்சியே, அதைக் கொண்டுபோய் மரத்தடியில கொட்டினேன். உடனே இறங்கி வந்துடுச்சு. நல்லா சாப்பிடுது, பாவம்."