யாரும் தொடாத கணக்கு

சர்வரை ஒரு தடவை அணைத்துத் திரும்பப் போட்டால் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை. அதை அணைக்க வழியில்லாமல் வயர் காலை ஒன்பது மணியிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். கல்லூரியில் அவனுக்கு அதுதான் பெயர். எந்நேரமும் தோளில் ஒரு சுருள் கேபிளோடு அலைகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

விஷயம் இதுதான். மத்தியானம் இரண்டு மணிக்கு முதலாண்டுப் பிள்ளைகள் அறுபது பேருக்குக் கணிதச் செய்முறைத் தேர்வு. அவரவர் கம்ப்யூட்டரில் எதையும் ஏற்ற வேண்டாம். பிரவுசரைத் திறந்து சமன்பாட்டை அடித்தால் போதும், கீழ்த்தளத்து அறையில் இருக்கிற சர்வர் கணக்கைப் போட்டு விடையையும் வரைபடத்தையும் அனுப்பிவிடும். அந்த மென்பொருளை அறுபது பேர் ஒரே நேரத்தில் நுழைகிற மாதிரி அமைத்துத் தர வேண்டியது வயரின் பொறுப்பு.

அணைக்க முடியாததற்குக் காரணம், அதே சர்வரில் அவன் அக்காவின் கணக்கு பதினோரு நாளாக ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா அதே கல்லூரியில், மூன்றாம் மாடியில், கணித ஆசிரியை. எட்டு வருஷமாக ஆராய்ச்சிப் பட்டத்துக்காக மல்லுக்கட்டுகிறாள். நடுவில் இரண்டு பிரசவம், மாமியாருக்கு ஒரு ஆபரேஷன். வீட்டில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தால் போதும், "சும்மாதானே இருக்கே, இந்தத் துணியை மடி" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். எப்படியோ எழுதி முடித்துவிட்டாள். பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு அட்டவணையை மட்டும் சரிபார்த்து நாளை நாலு மணிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். இரண்டு தடவை தவணை வாங்கியாயிற்று. தவறினால் பதிவே ரத்து. "அந்தச் சரிபார்ப்புக்கு உன் லேப்டாப் தாங்காது, என் சர்வர்ல போடுக்கா. போட்டுட்டு பிரவுசரை மூடிட்டுப் போ, அது பாட்டுக்கு ஓடும்" என்று சொன்னவனும் வயர்தான். இன்று சாயங்காலம் ஆறு மணிவாக்கில் விடை வந்துவிடும்.

"நிறுத்திட மாட்டியேடா?" என்று காலையில்கூட வந்து கேட்டாள்.

"என்ன ஆனாலும் சர்வரை நிறுத்த மாட்டேன், போதுமா? போய் கிளாஸ் எடு."

வாயை விட்டுவிட்டான். தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் அதன் அடியிலிருக்கிற விரிப்பை மாற்றுகிற கதைதான். மென்பொருளின் ஒரு பாகம் பழைய பதிப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தது. பழையதை ஏற்றினால் வரைபடம் போடுகிற பாகம் புதியதுதான் வேண்டும் என்று முறுக்கிக்கொண்டது. இரண்டு சம்பந்திகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவன் மாதிரி இரண்டையும் தனித்தனியாக உட்காரவைத்து, மறுபடி முதலிலிருந்து ஏற்றினான். திரையில் எழுத்துகள் வரி வரியாக ஓடின. இடையிடையே அது ஏதாவது கேட்கும், ஆமாம் இல்லை என்று சொல்ல ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

துறைத் தலைவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "என்னப்பா, சும்மாதானே உக்காந்திருக்கே? என் பிரிண்டர் பேப்பரை மென்னுட்டு இருக்கு, வா."

"இன்ஸ்டால் ஓடுது சார்."

"அது ஓடட்டும். நீ ஓடலையே."

போய்ப் பேப்பரைப் பிடுங்கிவிட்டு வந்தால், ஆமாமா இல்லையா என்று கேட்டுவிட்டு அது இருபது நிமிஷமாகக் காத்துக்கொண்டிருந்தது. அரை மணி கழித்து புரொஜெக்டருக்குப் படம் வரவில்லை என்று திரும்பக் கூப்பிட்டார். அதற்கும் அதே "சும்மாதானே". வயருக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. கையை ஆட்டினால்தான் இந்த மனுஷனுக்கு வேலையா? கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் சும்மாவா? கேட்டிருக்கலாம். கேட்டால் மாசக் கடைசியில் சம்பளத்துக்கு யார் பதில் சொல்வது?

பன்னிரண்டு மணிக்கு ஒருவழியாக ஓடியது. பிள்ளைகளை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தார்கள். பாதிப் பேருக்குத் திறந்தது, மீதிப் பேருக்குத் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. முதலில் நுழைந்தவர்கள் ஆளுக்கு நாலைந்து பக்கம் திறந்துவிட்டு, பிரவுசரை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள், அந்தப் பக்கங்களுக்கான இடத்தைச் சர்வர் இன்னும் பிடித்துவைத்திருந்தது. வேறு நாளாக இருந்தால் அணைத்துப் போட்டிருப்பான். இன்று கையேட்டைப் புரட்டினான். அரை மணி நேரம் யாரும் தொடாத பக்கத்தைத் தானாக மூடிவிடுகிற அமைப்பு ஒன்று இருந்தது. சர்வரை அணைக்காமலே அமலுக்கு வருமாம். அப்பாடா என்று அந்த வரியை அடித்தான். அதற்குக் கீழே 'ஆனால்' என்று இன்னொரு பத்தி ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"மறுபடி மெல்லுதுப்பா. சும்மாதானே இருக்கே?"

"வரேன் சார்." சேமித்துவிட்டு எழுந்தான்.

திரும்பி வந்தபோது சர்வரில் தாராளமாக இடம் இருந்தது. இரண்டு மணித் தேர்வு ஒரு சிக்கலும் இல்லாமல் முடிந்தது, தலைவரே வந்து முதுகில் தட்டினார். வயருக்கே கொஞ்சம் தலை நிமிர்ந்தது. நாலு மணிக்கு டீயோடு உட்கார்ந்து, அக்கா கணக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்கப் பட்டியலைத் திறந்தான்.

அக்கா பெயர் இல்லை. மேலும் கீழுமாக மூன்று தடவை தேடினான். பிறகு சர்வர் தானே எழுதிவைக்கிற குறிப்பைத் திறந்தான். அக்கா பெயருக்கு நேரே: 12.41, யாரும் தொடாத பக்கம், மூடப்பட்டது. கையேட்டில் படிக்காமல் விட்ட பத்தியை இப்போது படித்தான். ஆனால், உள்ளே கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்தை விட்டுவைக்க வேண்டுமானால், அதைத் தனி வரியாகச் சொல்ல வேண்டும். விடை கடைசியில்தான் எழுதப்படும் என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். பதினோரு நாளில் ஒரு எண்கூட மிஞ்சவில்லை.

மூன்று மாடியும் ஏறினான். அக்கா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் பேனா நின்றது.

"சர்வர் நின்னுடுச்சாடா?"

"சர்வர் நிக்கலக்கா."

அக்கா மூச்சு விட்டாள். அந்த மூச்சைக் கேட்டதும் வயர், ஏன் அப்படி ஆரம்பித்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"உன் கணக்குதான் நின்னுடுச்சு. யாரும் தொடாததை மூடச் சொல்லி நான்தான் போட்டேன். பதினோரு நாளா நீ திறந்தே பார்க்கல இல்லையா, அது சும்மா கிடக்குன்னு நெனச்சு மூடிடுச்சு."

அக்கா பேனாவை மூடி மேஜையில் வைத்தாள்.

"எட்டு வருஷமா எல்லாரும் அதைத்தான்டா சொல்றாங்க. அவங்களுக்கு எல்லாம் பதில் சொல்லியிருக்கேன். உனக்கு என்னத்தைச் சொல்றது?"

அவன் பாக்கெட்டில் போன் அடித்தது. தலைவர். அடித்து ஓய்ந்து, திரும்பவும் அடித்தது.

அக்கா அடுத்த விடைத்தாளை இழுத்துக்கொண்டாள். "எடுடா," என்றாள். "நீ சும்மா இருக்கேன்னு நெனச்சுடப் போறார்."