வெயிலில் உறைந்த பியர்

1.

இந்தக் கதை ஒரு குடையிலிருந்து வந்தது. டார்வினில், மழை இதோ அதோ என்று ஏய்த்துக்கொண்டிருக்கும் நவம்பரில், பக்கத்து வீட்டு நெவில் தன் பின்முற்றத்தில் பெரிய கடற்கரைக் குடை ஒன்றை நட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி ரேலின் வெயிலில் நின்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். குடை ரேலினுக்கு இல்லை. ஃப்ரீசருக்கு. வெட்கமில்லாமல் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: "சூரியன் நெருப்பைக் கக்க, நடுவே ஒரு வெள்ளைப் பெட்டி தன்னந்தனியாக..."

(அடித்துவிட்டேன். தனிமை என்ன தனிமை, உள்ளே நாலு பீப்பாய் பியர் இருக்கிறது.)

2.

பியர் நெவில் தன் கையால் காய்ச்சியது. ஃப்ரீசரை அதன் போக்கில் விட்டால் பியர் பனிக்கட்டியாகிவிடும். அதனால் ஒரு சென்சார் கம்பியை உள்ளே பீப்பாயோடு ஒட்டியிருந்தார். போதிய குளிர் வந்ததும் அது மோட்டாரை நிறுத்தும். சத்தம் தாங்காமல் ரேலின்தான் ஃப்ரீசரை வெளியே துரத்தினார். வெளியே போனதும் அதற்கு மரியாதை கூடிவிட்டது. குடை வந்தது. பிறகு, ஏசி பழுதான வீட்டில் மிச்சமிருந்த ஒரே நல்ல ஃபேனும் அதன் பக்கம் போய்ச் சேர்ந்தது.

"எனக்கு வேர்த்து ஊத்துது நெவில். நீ அதுக்குக் காத்து வீசிட்டிருக்க."

"மோட்டார் வெந்துடும் ரே."

"நான் வெந்தா?"

"நீ எந்திரிச்சு நிழலுக்குப் போயிடுவ. அதால முடியாதுல்ல."

[இந்த வரி என் கற்பனை இல்லை. இவ்வளவு நன்றாக எனக்கு வராது.]

3.

ரேலின் ஹோபார்ட்டுக்கு டிக்கெட் எடுத்தார். மகள் இருக்கும் குளிர் ஊர். போக மட்டும்தான் டிக்கெட். திரும்பி வர எடுக்கவில்லை.

"கிறிஸ்துமஸ் பியர் பாதியில நிக்குதே, நான் எப்படி வர?" என்றார் நெவில்.

"உன்ன யாரு கூப்பிட்டா?"

இங்கே நெவிலைக் குடிகாரராக்கினால் கதை எளிதாக நகர்ந்துவிடும். ஆனால் அவர் ஒரு கிளாஸுக்கு மேல் தொடுவதில்லை. அடுத்தவருக்கு ஊற்றிக் கொடுத்து, முதல் மடக்கில் அவர்கள் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பார். அதுதான் அவருக்குப் போதை. அப்படிப்பட்ட மனிதரை நான் எப்படி

(விட்டுவிடுகிறேன்.)

4.

ரேலினை வழியனுப்பத் தெருவே வந்திருந்தது. எதிர்வீட்டுக் கிரேக்கர் மனோலிஸ்தான் முதலில் ஃப்ரீசரின் பியர்க் குழாயைத் திறந்தார்.

"மச்சான், காத்துதான் வருது."

நெவில் மூடியைத் தூக்கினார். நாலு பீப்பாயும் கல்லாக உறைந்திருந்தன. சென்சார் கம்பி வெளியே வெயிலில் தொங்கியது. அது வெளிச்சூட்டைப் பார்த்து "இன்னும் குளிரவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்க, மோட்டார் நிற்காமல் ஓடியிருக்கிறது. ஊரே வெந்துகொண்டிருந்தபோது பியர் மட்டும் விறைத்துப் போயிருந்தது.

"நேத்து மத்தியானம் ஃபேன எடுத்தேன்," என்றார் ரேலின். "கொஞ்ச நேரம் எனக்கு வேணும்னுதான். அப்ப அந்தக் கம்பியும் கூட வந்துருக்கும்."

மனோலிஸ் வாயிலிருந்த ஆலிவ் கொட்டையைத் துப்பாமல் வைத்திருந்தார்.

(தெரியாமல் இழுத்தாரா, தெரிந்தேவா? பிறகு ரேலினிடமே கேட்டேன். "உன் கதைக்கு எது நல்லதோ அத எழுதிக்கோ" என்றார்.)

5.

நெவில் கத்துவார் என்று காத்திருந்தேன். கதைக்கு அது தேவைப்பட்டது. அவர் பீப்பாய்களை ஒவ்வொன்றாக வெளியே தூக்கி வைத்தார். ரேலின் செருப்பைக் கழற்றிவிட்டு, ஃப்ரீசரின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கால்களையும் உள்ளே தொங்கவிட்டார்.

"இவ்ளோ சொகமும் இதுக்குள்ளயா இருந்துச்சு."

நெவில் ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஹோபார்ட்ல இப்ப எத்தன டிகிரி இருக்கும்?"

"பதினாறு."

"அப்ப அங்க ஃப்ரீசருக்கே அவ்வளவா வேல இருக்காது."

ரேலின் திரும்பி அவரைப் பார்த்தார்.

"வர்றது நீயா, உன் பியரா?"

நெவில் பதில் சொன்னார். எனக்குக் கேட்கவும் செய்தது. ஆனால் நான் இவர்கள் பக்கத்திலேயே இன்னும் குடியிருந்தாக வேண்டும். அதனால் அவருக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள். ரொம்ப யோசிக்காதீர்கள், ரேலினுக்குக் கால் மரத்துப் போகிறது.